பூட்டனுக்கு ஒரு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம்

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் அத்தை பேரன் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் 1881-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கில் தன் முப்பாட்டனாரைக் கண்டுபிடித்துவிட்டாராம். எந்தத் தெரு, மனைவி பெயர் என்ன, ஆறு பிள்ளைகளுக்கு என்னென்ன வயது, கூடவே ஒண்டிக்கொண்டிருந்த மாமியார் எந்த ஊரில் பிறந்தவர் என்பது வரை பத்து நிமிஷத்தில் திரையில் வந்துவிட்டதாம். "மாமா, நம்ம ஊர்லயும் 1881-ல சென்சஸ் எடுத்தாங்கதானே? அதுல நம்மாளு இருப்பாரில்ல?"

எடுத்தார்கள். நம்மாளும் இருந்தார். அந்தக் காகிதம்தான் இன்றைக்கு இல்லை.

அவனுக்குப் பதில் சொல்லப் போய், சனிக்கிழமை தோறும் பழைய பதிவேடுகளைப் புரட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பழைய வட ஆற்காட்டில் பூர்வீகம் உள்ளவர்கள், அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள், எங்கே தொடங்கி எப்படிப் போகலாம் என்று தெரிந்தவரை எழுதுகிறேன்.

சென்சஸ் ஏன் கை கொடுக்காது

மெட்ராஸ் மாகாணம் முழுக்க முறையாக எடுத்த முதல் கணக்கு 1871-ல். அப்புறம் 1881, 1891, 1901. வீட்டுக்கு வீடு போய்ப் பெயர், வயது, கல்யாணம் ஆனவரா, ஜாதி, தாய்மொழி, பிறந்த இடம், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்றெல்லாம் எழுதினார்கள். ஆனால் கூட்டி முடித்து அட்டவணைகளை அச்சிட்ட பிறகு அந்த வீட்டுத் தாள்களை வைத்துக்கொள்ளவில்லை. சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்குகளோ 1948-ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டத்தின்படி ரகசியம். இங்கிலாந்தில் 100 வருஷம், அமெரிக்காவில் 72 வருஷம் கழிந்ததும் பெயர்களோடு திறந்துவிடுவார்கள். நமக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. ஆகவே "உங்கள் முன்னோரின் 1891 சென்சஸ் பதிவை எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அதற்காகச் சென்சஸ் அறிக்கைகளைத் தள்ளிவிடவும் வேண்டாம். 1871-ல் வட ஆற்காடு மாவட்டத்தின் ஜனத்தொகை சுமார் 20 லட்சம். 1881-ல் சுமார் 18 லட்சம். பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய ஜனம் குறைந்திருக்கிறது. நடுவில் வந்தது தாது வருஷத்துப் பஞ்சம். உங்கள் வம்சாவளியில் 1870-களில் பிறந்த பிள்ளைகள் ஒருவர்கூட நிற்கவில்லை என்றாலோ, ஒரு தாத்தா திடீரென்று மாமன் வீட்டில் வளர்ந்தவர் என்று கதை வந்தாலோ, காரணம் இந்த எண்ணிக்கைக்குள் இருக்கலாம். சென்சஸ் அறிக்கையில் ஆள் கிடைக்கமாட்டார், அவர் வாழ்ந்த காலம் கிடைக்கும்.

ஆள் கிடைக்க வேண்டுமானால் வேறு வழி. என் அனுபவத்தில் நம் பக்கத்து மனிதர் காகிதத்தில் ஏறியது நான்கு நேரங்களில்தான்: இறந்தபோது, நிலத்தில் கை வைத்தபோது, கப்பல் ஏறியபோது, மதம் சார்ந்த சடங்கு ஒன்றைப் பதிவு செய்தபோது. அந்த வரிசையிலேயே போவோம். அதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஆயாவிடம் உட்காருங்கள்

வீட்டிலேயே வயதானவர் யாரோ அவரிடம் போங்கள். "பூட்டன் எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்காதீர்கள். தெரியாது என்பார், அல்லது உங்கள் மனசு நோகக்கூடாது என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். "பாலாத்துல பெரிய வெள்ளம் வந்தப்ப அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேளுங்கள். 1903 நவம்பரில் பாலாறு பெருகி வாணியம்பாடியையே அடித்துக்கொண்டு போனது. அதை வைத்து முன்னா பின்னா என்று பிடித்துவிடலாம். தாது வருஷப் பஞ்சம் (1876-77), 1918-ல் வந்த விஷக்காய்ச்சல், இவையும் அதே மாதிரி முளைக்குச்சிகள்.

தமிழ் வருஷப் பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது. அறுபது வருஷ வட்டம் 1867 சித்திரையில் பிரபவ என்று தொடங்கியது. அடுத்த பிரபவ 1927, அதற்கடுத்தது 1987. "நந்தன வருஷத்தில் பிறந்தவர்" என்றால் 1892-93 அல்லது 1952-53. எது என்பதை மற்ற விவரம் சொல்லிவிடும். வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். பசலியோடு 590 கூட்டுங்கள். பசலி 1286 என்றால் 1876 ஜூலை தொடங்கி 1877 ஜூன் வரை.

எல்லாவற்றையும்விடப் பெரிய புதையல் திவசம். வருஷம் மறந்துபோகும், திதி மறக்காது. எங்கள் வீட்டில் பூட்டனாருக்கு மாசி மாதம் தேய்பிறை ஏகாதசியில் படைப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த வருஷம் இறந்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. இது பின்னால் எப்படி உதவியது என்று சொல்கிறேன்.

பெயர்களையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரை வைப்பது நம் பக்கத்தில் சாதாரணம். பூட்டனின் அப்பா பெயர் தெரியாவிட்டால், பூட்டனின் மூத்த மகன் பெயரை ஒரு ஊகமாகக் குறித்து வையுங்கள். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். கூடவே குலதெய்வம் எந்த ஊரில், பங்காளி வீடுகள் எத்தனை, பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர். டிரங்குப் பெட்டியில் பழைய மொய் நோட்டு கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். ஊர்வாரியாக உறவுகளை எழுதிவைத்த பட்டியல் அதைவிட வேறு எதுவும் இல்லை.

எந்த ஆபீஸ் என்று தெரிந்துகொள்ள எந்த மாவட்டம் என்று தெரிய வேண்டும்

புதியவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். 19-ஆம் நூற்றாண்டின் வட ஆற்காட்டுக்குத் தலைநகர் வேலூர் அல்ல, சித்தூர். 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதுதான் வேலூர் தலைநகரானது. சித்தூர், பலமநேர், சந்திரகிரி தாலுகாக்கள் அதுவரை வட ஆற்காடுதான். திருத்தணி அடங்கிய கார்வேட்டிநகர் ஜமீனும் அப்படியே. வாணியம்பாடியும் திருப்பத்தூரும் அப்போது சேலம் மாவட்டம். திருவண்ணாமலை தென் ஆற்காடு. ஆனால் ஆம்பூர், வேலூர் தாலுகாவைச் சேர்ந்த வட ஆற்காட்டு ஊர். அதாவது ஆம்பூர்க்காரரும் வாணியம்பாடிக்காரரும் பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்தும் தேட வேண்டிய பழைய மாவட்டக் கட்டு வெவ்வேறு. 1989-ல் வட ஆற்காடு இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. ஆக, உங்கள் ஊர் 1880-ல் எந்தத் தாலுகா என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். 1881-ல் ஆர்தர் காக்ஸ் தொகுத்து, பிறகு ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தாலுகா வாரியாக ஊர்களைப் பற்றி எழுதியிருப்பார்கள்.

சார்பதிவாளர் அலுவலக எல்லைகளும் மாறியிருக்கின்றன. எங்கள் கிராமத்துக்கு இப்போதுள்ள அலுவலகத்தில் இரண்டு மாதம் அலைந்தேன். சுத்தமாக ஒன்றும் இல்லை. கடைசியில் அங்கே பத்திரம் எழுதுகிற ஒரு பெரியவர், "இந்த ஆபீஸே அப்புறம் வந்தது சார், அதுக்கு முன்னாடி உங்க ஊரு வேற ஆபீஸ்ல இருந்திருக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

பிறப்பைத் தேடாதீர்கள், இறப்பைத் தேடுங்கள்

மெட்ராஸ் மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் வந்தது 1899-ல். அதற்கு முன்பும் கிராம முன்சீப்புகள் எண்ணி மேலே அனுப்பினார்கள், ஆனால் இன்று அதில் ஒரு ஆளைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. பிறப்புப் பதிவு கிடைத்தாலும் பல சமயம் பிள்ளையின் பெயர் இருக்காது. பிறந்த சேதியைத் தலையாரி போய்ச் சொல்வார், பெயர் வைப்பது அப்புறம்தானே. "ஆண்", தகப்பன் பெயர், ஊர். அவ்வளவுதான்.

ஆனால் 1870-ல் பிறந்தவர் 1920-களிலோ 30-களிலோ இறந்திருப்பார். அப்போது பதிவு ஓரளவு ஒழுங்காக நடந்துவந்தது. இறப்புப் பதிவில் வயது இருக்கும், ஆணானால் தகப்பன் பெயர், பெண்ணானால் பெரும்பாலும் புருஷன் பெயர் இருக்கும். இங்கேதான் திதி கை கொடுக்கிறது. மாசி தேய்பிறை ஏகாதசி என்றால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள்தான் வரும். பன்னிரண்டு வருஷப் பதிவேட்டை முழுக்கப் புரட்ட வேண்டியதில்லை, ஒவ்வொரு வருஷத்திலும் ஒரே ஒரு மாதம். அப்படித்தான் பூட்டனாரை அரை நாளில் பிடித்தேன். வயது 60 என்று இருந்தது. அதை நம்பக்கூடாது. நம் ஆட்களின் வயது அந்தக் காலத்தில் 40, 50, 60 என்று ரவுண்டாகத்தான் நிற்கும். ஐந்தாறு வருஷம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமத்துப் பழைய பதிவேடுகள் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்திலோ தாலுகா ஆபீஸிலோ இருக்கும். வேலூர், வாலாஜாபேட்டை மாதிரி 1866-லேயே நகராட்சியான ஊர்களுக்கு நகராட்சியில் தனிப் பதிவேடு. 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தேடச் சொல்லலாம், நகல் வாங்கலாம். இறந்த காரணத்தை மட்டும் நகலில் தரமாட்டார்கள். தேடியும் இல்லையென்றால் "பதிவு இல்லை" என்று சான்று தருவார்கள். அதையும் வாங்கி வையுங்கள், அடுத்த வருஷம் மறந்துபோய் அதே இடத்தில் மறுபடி தேடாமல் இருக்கலாம்.

பத்திர ஆபீஸ்: இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்

பத்திரப் பதிவு நம் மாகாணத்தில் 1860-களின் நடுவிலிருந்து ஒழுங்காக நடக்கிறது. எழுதிக் கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் யார் என்று தெளிவாகத் தெரிய, தகப்பன் பெயர், ஜாதி, தொழில், குடியிருக்கும் ஊர் எல்லாம் வேண்டும் என்று பதிவுச் சட்டமே கேட்டது. யோசித்துப் பாருங்கள். சென்சஸ் தாளில் இருந்து நமக்குக் கிடைக்காமல் போனதெல்லாம் அநேகமாக இதில் இருக்கிறது.

இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிறகானது. அதற்கு முந்தையதற்கு நேரில் மனுப் போட்டு, கையால் தேடித் தரச் சொல்ல வேண்டும். முதல் புத்தகம் என்பது அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல். அதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. முதலாவது ஆட்கள் பெயர்வாரியாக, இரண்டாவது சொத்துவாரியாக. எல்லாரும் சர்வே நம்பரைக் கொடுத்துச் சொத்துவாரியாகத்தான் தேடச் சொல்கிறார்கள், வில்லங்கம் என்றாலே அதுதான் பழக்கம். நமக்கு வேண்டியது பெயர்வாரி அட்டவணை. அதை வாய்விட்டுக் கேளுங்கள். மூன்றாவது புத்தகம் உயில்கள். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலையும் யாரும் மனுப் போட்டு வாங்கலாம்.

சர்வே நம்பர் வழியாகப் போக வேண்டி வந்தால் இன்றைய நம்பர் உதவாது. ஊர் நிலங்களை எண்வாரியாகப் பட்டியலிடும் கிராம அ பதிவேட்டில் பழைய புல எண் என்று ஒரு கலம் இருக்கும். 1980-களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய எண் அது. அதைப் பிடித்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போகணும். இன்னும் பழசு என்றால் பைமாஷ் எண் (சர்வேக்கு முந்தைய நில அளவை எண்) வரும். எண் தொலைந்தாலும் பத்திரத்தில் நான்கெல்லை இருக்கிறது: கிழக்கே இன்னார் நிலம், மேற்கே ஏரி வாய்க்கால். பக்கத்து நிலத்துக்காரர் பல சமயம் பங்காளியாகவே இருப்பார். எல்லையில் வரும் பெயர்களையும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே வாருங்கள்.

பத்திர வகைகளில் எதைத் தேடுவது? பாகப்பிரிவினை கிடைத்தால் விருந்து. அண்ணன் தம்பி அத்தனை பேரும் ஒரே தாளில் நிற்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பாதிப் பாகப்பிரிவினை பஞ்சாயத்தார் முன்னால் வாய்ப்பேச்சாகவே முடிந்தது. கடன்தான் மனிதரைச் சார்பதிவாளர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. ஆகவே அடமானம், போக்கியம், கிரயம். அவற்றில் எதற்காகக் கடன் என்றும் ஒரு வரி வரும். கல்யாணச் செலவு, முன் கடன், சர்க்கார் கிஸ்தி.

எங்களுக்குக் கிடைத்தது தாரண வருஷம் ஆனி மாதத்து அடமானப் பத்திரம் ஒன்று, அதாவது 1884. எழுதிக் கொடுத்தவர் ஒரு பெண். இன்னார் பெண்சாதி, மைனர் பிள்ளைகள் இன்னார், இன்னாருக்குத் தாயும் கார்டியனும். அந்த ஒரு வரியில், வீட்டில் யாருக்கும் பெயர்கூடத் தெரியாத ஒரு ஆயா வந்துவிட்டார். ஓட்டனார், அதாவது பூட்டனாரின் அப்பா, 1884-க்கு முன்பே இறந்துவிட்டார் என்பது தெரிந்தது. பூட்டனாருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கைநாட்டு வைக்க அந்த அம்மாள் மாட்டு வண்டியில் எத்தனை மைல் போயிருப்பார் என்று ஊருக்கும் பழைய ஆபீஸுக்கும் தூரம் பார்த்தேன். போக வர ஒரு பகல் போயிருக்கும்.

பெண்களைத் தேடுபவர்கள் இதைக் கவனியுங்கள். பட்டாவில் பெண் பெயர் அபூர்வம். விதவை எழுதிய அடமானத்திலும், மகளுக்கு எழுதிய தானப் பத்திரத்திலும், ஜீவனாம்ச ஏற்பாட்டிலும் அவர்கள் இருப்பார்கள்.

இனாம் பதிவேடும் பட்டாவும்

உங்கள் குடும்பத்துக்குக் கோயில் மானியம், மசூதி மானியம், தச்சர் கொல்லர் மானியம், கிராம ஊழிய மானியம் என்று ஏதாவது இருந்ததா? இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து, 1860-களில் ஊர்வாரியாகப் பதிவேடு எழுதியது. மானியத்தை முதலில் யார் யாருக்குக் கொடுத்தார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, என்ன உறவில் வந்தது என்றெல்லாம் அதில் வரும். 1862-ல் ஐம்பது வயதுக்காரர் என்றால் நீங்கள் ஒரே தாவலில் 1812-க்குப் போய்விட்டீர்கள். சென்னை எழும்பூரில் 1909-லிருந்து இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மனுப் போட்டு நகல் வாங்கலாம்.

மானியம் இல்லாத சாதாரணப் பட்டாதாரர்களுக்குச் செட்டில்மெண்ட் பதிவேடு, அதாவது நிலவரி நிர்ணயக் கணக்கு. அதில் நம்பர், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் மட்டும்தான். குடும்பம் இருக்காது. ஊர் அடையாளத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஆரணி ஜாகீர், ஜமீன் ஊர்களுக்கு இந்தக் கணக்கு வேறு விதம், அங்கே 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்டிலிருந்து பின்னால் போக வேண்டும். கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) வீடுகளில் பழைய கணக்குக் கட்டுகள் இருந்ததாகக் கேட்டிருப்பீர்கள். 1980-ல் கர்ணம், முன்சீப் வேலைகளை ஒழித்தபோது கட்டுகள் சர்க்காருக்குப் போனது போக, சில வீடுகளில் மிச்சம் தங்கிவிட்டது. மரியாதையாகப் போய்க் கேட்டால் காட்டுவார்கள். சர்க்கார் ஆள் மாதிரி கேட்டால் காட்டமாட்டார்கள்.

நிலமே இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் காணி உள்ளவர்களுக்கு. அப்போது கூலிக்காரர்களும் பண்ணையாட்களும்தான் அதிகம், பத்திரம் எழுத அவர்களிடம் என்ன இருந்தது? ஆனால் ஒரு வேடிக்கை: நம் ஊர்ப் பெரிய பட்டாதாரரைப் பற்றி இருப்பதைவிட அதிக விவரம், அதே ஊரிலிருந்து கப்பலேறிய கூலியைப் பற்றி இருக்கிறது.

1860 நவம்பரில் டர்பன் துறையில் போய் நின்ற ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார்கள். சென்னையில் ஏறியவர்களில் வட ஆற்காட்டுக்காரர்கள் ஏராளம். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம். பெண்களுக்கும் தகப்பன் பெயர் உண்டு. பிறந்த வீட்டைப் பிடிக்க இதைவிட நேரான வழி கிடையாது. பட்டியல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள், பெயர் போட்டே தேடலாம். மொரிஷியஸ் போனவர்களுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன. 1860-களின் நடுவுக்குப் பிறகு போன பலருக்குப் படமே உண்டு. பூட்டன் முகத்தைப் பார்க்க வாய்ப்புள்ள ஒரே இடம் அநேகமாக அதுதான்.

தேடும்போது எழுத்தை நம்பாதீர்கள். ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதியது. முனுசாமி மூனசாமியாகவும் மோனிசாமியாகவும் இருப்பார். வந்தவாசி வாண்டிவாஷ். மொரிஷியஸில் பிரெஞ்சு வாசனையும் சேர்ந்துகொள்ளும். வாயால் சொல்லிப் பார்த்துத் தேடுங்கள், தமிழ் எழுத்தை மனசில் வைத்துத் தேடாதீர்கள்.

தொலைவு போகாமல் கோலார் தங்கவயலுக்குப் போன குடும்பங்களும் நிறைய. 1880-களில் சுரங்கம் சூடு பிடித்தது. அங்கே ஞானஸ்நானம் எடுத்தவர்கள் என்றால் சர்ச் பதிவேடுகளைப் பாருங்கள்.

சர்ச், ஜமாத்

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை சுலபம். ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் அமைத்த அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலூர், ஆற்காடு, ஆரணி, சித்தூர் பக்கமெல்லாம் சபைகளை உண்டாக்கியது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயர், ஊர், சில சமயம் பழைய பெயரும் புதுப் பெயரும் இருக்கும். அந்தப் பழைய பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், மதம் மாறாத பங்காளிகளின் பத்திரத்தோடு அதை வைத்துத்தான் முடிச்சுப் போட முடியும். சபைகள் பிறகு தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்ததால் முதலில் உள்ளூர்ப் போதகரிடம், பிறகு வேலூர்ப் பேராயத்தில் கேளுங்கள். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பம் என்றால், மெட்ராஸ் மாகாண ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவுகளின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன.

ஆம்பூர், மேல்விஷாரம், பேரணாம்பட்டு முஸ்லிம் குடும்பங்களுக்கு நிக்காஹ் பதிவேடு. மணமக்களின் தகப்பன் பெயர், மஹர் (மணமகன் தரும் மணக்கொடை), சாட்சிகள். சாட்சிகள் பெரும்பாலும் நெருங்கிய உறவு. உருது படிக்கத் தெரிந்த பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படிக்கிற பாடு

1880-களின் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்து முதல் நாள் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. புள்ளி வைக்கமாட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். குறில் எகரம், நெடில் ஏகாரம் வித்தியாசம் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடம் விடமாட்டார்கள். எண்கள் தமிழ் எண்கள். ௵ என்றால் வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. இந்த மேற்படியைக் கோட்டைவிட்டால் ஒருவர் தகப்பனை இன்னொருவருக்குக் கட்டிவைத்துவிடுவீர்கள். வழி ஒன்றுதான்: எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி வரும் தொடக்க வரிகளை முதலில் படித்துப் பழகுங்கள். எழுதியவர் கை பிடிபட்டுவிடும், அப்புறம் பெயர்களுக்குப் போகலாம். சித்தூர்ப் பக்கத்து ஊர்களுக்குத் தெலுங்கிலும் இருக்கும்.

குறிப்பெடுக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்த ஆபீஸ், எந்தப் புத்தகம், எந்த எண், எந்த வருஷம் என்று எழுதுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "தாத்தா சொன்னது" என்று வரும் தகவலையும் எழுதுங்கள், ஆனால் வேறு நிற மையில்.

பூட்டனாரின் தம்பி விஷயம் இன்னும் முடியவில்லை. 1898-ல் பூட்டனார் எழுதிய கிரயப் பத்திரத்தில் அவர் ஒருவரே கையெழுத்து. தம்பி பெயர் எங்குமே இல்லை. இறந்திருக்கலாம், கப்பலேறியிருக்கலாம். இங்கிலாந்துப் பையனிடம் நேட்டால் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேரை அனுப்பியிருக்கிறான். பெயரும் தகப்பன் பெயரும் இரண்டிலும் ஒன்றுதான். ஒருவர் 1889-ல் போனவர், வயது 19, ஊர்ப் பெயர் எங்கள் ஊர் மாதிரியே ஒலிக்கிறது. இன்னொருவர் 1891, வயது 20, ஊர் கலத்தில் தாலுகா பெயரையே எழுதிவிட்டார்கள். ஜாதிக் கலத்தில் இருவருக்கும் வேறு வேறு எழுத்துக்கூட்டல். முதலாமவருக்கு இடது புருவத்தில் தழும்பு என்று இருக்கிறது. அத்தையிடம் கேட்டால், "அதெல்லாம் யாருக்குடா தெரியும்" என்கிறார். அடுத்த சனிக்கிழமை 1884-க்கும் 1898-க்கும் நடுவில் அந்த அடமானத்தை யார் திருப்பினார்கள் என்று பெயர்வாரி அட்டவணையில் பார்க்கப் போகிறேன்.